தெரிந்த வார்த்தைதான் காலை வாரும்

உங்கள் பாஸ்போர்ட் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் எடுத்து முதல் பக்கங்களைப் பாருங்கள். இமிக்ரேஷன் வரிசையில் நிற்கும்போது நம் போட்டோ எவ்வளவு கோரமாக இருக்கிறது என்று பார்ப்போமே தவிர, அங்கே அச்சிட்டிருக்கும் வாசகத்தை யாரும் படிப்பதில்லை. குடியரசுத் தலைவரின் பெயரால் விடுக்கப்பட்ட வேண்டுகோள் அது. இதை வைத்திருப்பவரைத் தடையில்லாமல் போகவிடுங்கள், வேண்டிய உதவியும் பாதுகாப்பும் கொடுங்கள் என்பது சாரம். 'தடையில்லாமல்' என்பதற்கு ஆங்கிலத்தில் இரண்டு சொற்களை ஜோடியாகப் போட்டிருக்கிறார்கள். ஒன்று 'ஹிண்ட்ரன்ஸ்'. சரி, இடையூறு. இன்னொன்று 'லெட்'.

லெட் என்றால் 'விடு' என்றுதானே இரண்டாம் வகுப்பிலிருந்து படித்துவருகிறோம்? அப்படியானால், விடாமலும் இடையூறு செய்யாமலும் எங்கள் ஆளை விடுங்கள் என்றா குடியரசுத் தலைவர் கேட்கிறார்?

இல்லை, இது வேறு லெட். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒலித்த இரண்டு வினைச்சொற்கள் இருந்தன. ஒன்றுக்கு விடுதல் என்று பொருள். மற்றதற்குத் தாமதப்படுத்துதல், அதிலிருந்து தடுத்தல். 'பஸ் லேட்' என்கிறோமே, அந்த லேட்டின் பங்காளி இது. நாளாக ஆக உச்சரிப்பு தேய்ந்து இரண்டும் ஒரே 'லெட்' ஆகிவிட்டன. விடு என்பதற்கும் விடாதே என்பதற்கும் ஒரே சொல்! எத்தனை நாள் ஓடும்? தடுக்கிற லெட் மெல்ல ஒதுங்கிக்கொண்டது. பாஸ்போர்ட் மாதிரி சட்ட வாசகங்களிலும் டென்னிஸ் மைதானத்திலும்தான் அதை இன்று பார்க்கலாம். சர்வீஸ் பந்து வலையை உரசிக்கொண்டு கட்டத்துக்குள் விழுந்தால் 'லெட்' என்று சொல்லி மறுபடி போடச் சொல்கிறார்களே, அதுவும் இதே தடைதான்.

ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டில் அப்பாவின் ஆவி கூப்பிட, மகன் அதன் பின்னால் போகப் பார்க்கிறான். கூட இருப்பவர்கள் இழுத்துப் பிடிக்கிறார்கள். என்னை எவன் லெட் செய்கிறானோ அவனையும் ஆவியாக்கிவிடுவேன் என்று சீறுகிறான். இன்றைய அர்த்தத்தில் படித்தால், விட்டவனை வெட்டுவேன் என்றாகிவிடும். காட்சியே தலைகீழ்.

இந்தப் பதிவு முழுக்க இந்த மாதிரிச் சொற்களைப் பற்றித்தான். பழைய ஆங்கிலப் புத்தகங்களைப் படிக்கிறவர்கள் தெரியாத சொல்லைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். என்னைக் கேட்டால் பயப்பட வேண்டியது தெரிந்த சொல்லைப் பார்த்துத்தான். வழக்கொழிந்த சொல் பூட்டிக் கிடக்கிற வீடு. பூட்டைப் பார்த்ததும் சாவி தேடுவோம், அகராதியைப் புரட்டுவோம். பொருள் மாறிய சொல் அப்படியல்ல. அதே விலாசம், அதே வாசல், உள்ளே குடித்தனம் மட்டும் மாறியிருக்கும். கதவைத் தட்டி, திறந்த ஆளிடம் எல்லாக் கதையும் பேசிவிட்டு வந்துவிடுவோம்.

ஆபத்தில்லாத கிழங்கள்

முதலில் பூட்டின வீடுகளை ஒரு சுற்று பார்த்துவிடலாம். இணையத்தில் 'மறந்துபோன அழகிய ஆங்கிலச் சொற்கள்' என்று பட்டியல்கள் ஏராளம். அவற்றில் தவறாமல் வருவது 'அப்ரிசிட்டி': குளிர்காலத்து வெயிலின் இதமான சூடு. கேட்கவே சுகமாக இருக்கிறது. ஆனால் இது பாட்டன்மார் வாயில் புழங்கித் தேய்ந்த சொல் அல்ல. 1623-ல் ஹென்றி காக்கரம் என்பவர் கடின சொற்களுக்கு ஓர் அகராதி போட்டார். லத்தீனிலிருந்து செதுக்கிய பல சொற்கள் அதில் உண்டு. அவற்றில் ஒன்று இது. அகராதிக்கு வெளியே இதைப் பார்ப்பது அபூர்வம்.

அகராதியில் இருப்பதாலேயே ஒரு சொல் வாழ்ந்துவிட்டதாக அர்த்தமில்லை. 1934-ல் வந்த வெப்ஸ்டர் பெரிய அகராதியில் 'டார்ட்' என்று ஒரு சொல்லுக்கு 'அடர்த்தி' என்று பொருள் போட்டிருந்தார்கள். உண்மையில் அப்படி ஒரு சொல்லே கிடையாது. அடர்த்தியைக் குறிக்கப் பெரிய 'டி'யோ சின்ன 'டி'யோ போடலாம் என்று ஒரு சீட்டில் எழுதியிருந்ததை, ஒரே சொல்லாகச் சேர்த்துப் படித்துவிட்டார்கள். 1939 வரை ஒருவர் கண்ணிலும் படவில்லை. எதிர்ப்பக்கமும் ஒரு கதை உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் முதல் பதிப்பில் அடிமைப் பெண்ணைக் குறிக்கும் 'பாண்ட்மெய்ட்' விட்டுப்போனது. காரணம், சீட்டு தொலைந்துவிட்டது. 1933-ல் வந்த இணைப்பில்தான் சேர்த்தார்கள்.

நிஜமாகவே வாழ்ந்து மறைந்தவற்றில் எனக்குப் பிடித்தது 'ஓவர்மாரோ'. நாளை மறுநாள். 1535-ல் வந்த கவர்டேல் பைபிளில் இருக்கிறது. நமக்கு நாளன்னிக்கு, முந்தாநேத்து எல்லாம் சரளமாக வருகின்றன. இன்றைய ஆங்கிலத்தில் 'நாளைக்கு அடுத்த நாள்' என்று சுற்றிவளைத்துத்தான் சொல்ல வேண்டும். ஜெர்மன்காரர்கள் தங்கள் சொல்லைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். ஆங்கிலேயர் தொலைத்துவிட்டார்கள்.

நம் ஊர் ஆங்கிலத்திலும் பழசு நிறைய உண்டு. 'ஃபோர்ட்நைட்' என்பது பதினான்கு இரவு. அமெரிக்கக் கம்பெனி மீட்டிங்கில் சொல்லிப் பாருங்கள், எதிரில் இருப்பவர் வீடியோ கேமை நினைத்துக்கொள்வார். ஏழு இரவுக்கும் 'சென்னிட்' என்று ஒரு சொல் இருந்தது. ஜேன் ஆஸ்டன் நாவல்களில் வரும். அது போய்விட்டது, பதினான்கு மட்டும் தங்கிவிட்டது. ஃப்ளாட் வாங்கினவர்கள் ஆங்கிலக் கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். விற்பவர், வாங்குபவர், அப்பா பெயர், ஆதார் எண் எல்லாம் முடிந்து, நடுவில் கொட்டை எழுத்தில் 'விட்னெஸ்ஸெத்' என்று வரும். 'இப்பத்திரம் சாட்சி சொல்கிறது' என்று பொருள். அந்த 'எத்' விகுதி ஷேக்ஸ்பியர் காலத்திலேயே பேச்சிலிருந்து நழுவத் தொடங்கிவிட்டது. நம் சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் மட்டும் இன்றைக்கும் டோக்கன் எடுத்து உட்கார்ந்திருக்கிறது.

இவற்றால் ஒரு கெடுதலும் இல்லை. புரியாவிட்டால் புரியவில்லை என்று தெரிந்துவிடுகிறது. இனி வருகிறவை அப்படியல்ல.

'இதோ' எத்தனை நிமிஷம்?

'சூன்' என்றால் சீக்கிரம். ஆனால் அதன் மூலச் சொல்லுக்கு 'உடனே' என்று பொருள். 'அனான்' என்ற சொல்லுக்கும் முதலில் 'உடனே'தான். 'பிரசன்ட்லி', அதுவும் 'உடனே'. 'பை அண்ட் பை', அதுவும்! நான்கு சொற்கள், நான்குமே 'இந்த நொடியில்' என்று ஆரம்பித்து, 'சற்றுப் பொறுத்து', 'பிறகு பார்க்கலாம்' என்று தளர்ந்துவிட்டன.

ஏன் தளர்ந்தன என்பதற்கு மொழியியல் பட்டம் வேண்டாம். ஷேக்ஸ்பியரின் நான்காம் ஹென்றி முதல் பாகத்தில் ஃபிரான்சிஸ் என்று ஒரு கடைப்பையன் வருகிறான், மதுக்கடையில் ஊற்றிக் கொடுக்கிறவன். இளவரசன் அவனை இந்தப் பக்கம் பேச்சில் பிடித்துவைத்திருக்க, அந்தப் பக்கத்திலிருந்து வேறொருவன் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் பையன் 'அனான், அனான்' என்று பதில் கொடுக்கிறான், நகர்ந்த பாடில்லை. நம் டீக்கடையில் 'இதோ வந்துட்டேன் சார்' கேட்டவர்களுக்கு இந்தக் காட்சிக்கு அடிக்குறிப்பு தேவைப்படாது. உடனே என்று சொல்கிறவர்கள் உடனே வராவிட்டால், சொல்லுக்குத்தான் மதிப்பு இறங்கும்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் 1611-ல் வந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளைப் படித்தால் ஒரு கொடூரமான இடம் சாதுவாகிவிடும். ஏரோதியாளின் மகள் நடனமாடி, யோவான் ஸ்நானனின் தலையைத் தட்டில் வைத்துத் தரும்படி கேட்கிறாள். எப்போது வேண்டுமாம்? 'பை அண்ட் பை'. இன்றைய காதுக்கு 'அவசரமில்லை, மெதுவாகக் கொடுங்கள்' என்று கேட்கும். அவள் கேட்டது 'இப்பவே, இங்கேயே'. விருந்து முடிவதற்குள், ராஜா மனசு மாறுவதற்குள். அந்த அவசரத்தில்தான் பயங்கரமே இருக்கிறது.

'பிரசன்ட்லி'யின் கதை இன்னும் வேடிக்கை. உடனே என்று இருந்து, 'சற்று நேரத்தில்' என்று ஆனது. நம் ஊர் பயோடேட்டாவில் எல்லோரும் 'இப்போது இன்ன இடத்தில் வேலை' என்பதற்கு அதைப் போடுகிறோம். இங்கிலாந்துக்காரர் சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் 'இப்போது' என்பதும் அந்தச் சொல்லுக்குப் பழைய பொருள்தான். ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவிலும்கூட அப்படித்தான் புழங்குகிறது.

கடவுளே, எங்களைத் தடுத்தருளும்

ஜேம்ஸ் மன்னர் பைபிளும், 1662-ல் நிலைபெற்ற ஆங்கிலத் திருச்சபையின் பொது வழிபாட்டுப் புத்தகமும் இந்த விளையாட்டுக்குச் சுரங்கம். வழிபாட்டுப் புத்தகத்தில் ஒரு ஜெபம் உண்டு. நாங்கள் செய்கிற எல்லாக் காரியங்களிலும் எங்களைப் 'பிரிவென்ட்' செய்யும் ஆண்டவரே என்று வேண்டுகிறார்கள். எந்த ஊரில் பக்தர்கள் 'நாங்கள் எதைச் செய்தாலும் தடுத்துவிடு' என்று வேண்டுவார்கள்?

லத்தீன் மூலத்தில் அது 'முன்னே வருதல்'. எங்களுக்கு முன்னால் நடந்து வழிகாட்டும் என்பதுதான் ஜெபம். 119-ஆம் சங்கீதத்தில் பக்தன் விடியலைப் 'பிரிவென்ட்' செய்ததாகச் சொல்கிறான். சூரியனைப் பிடித்து நிறுத்தவில்லை. பொழுது விடிவதற்கு முன்னால் எழுந்து கூப்பிட்டான், அவ்வளவுதான். முன்னே போகிறவன் வழியும் காட்டலாம், வழியை மறித்துக்கொண்டும் நிற்கலாம். ஆங்கிலம் கடைசியில் மறிக்கிறவனை மட்டும் வைத்துக்கொண்டது.

குழந்தைகளைச் சீடர்கள் விரட்டியபோது இயேசு சொன்னதில் 'சஃபர்' என்ற சொல் வருகிறது. சின்னப் பிள்ளைகளைத் துன்பப்படச் சொல்லவில்லை. அங்கே சஃபர் என்றால் அனுமதித்தல். தமிழ் வேதாகமம் 'இடங்கொடுங்கள்' என்று தெளிவாகவே சொல்லிவிடுகிறது. இந்த வசனம் வரைக்கும், தமிழில் படித்து வளர்ந்த பாட்டிக்கு இருக்கும் தெளிவு கான்வென்ட் பேத்திக்கு இருக்காது.

ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் செடிகொடிகளையும் கனிகளையும் மனிதனுக்கு 'மீட்'டாகக் கொடுத்ததாக வரும். காய்கறி எப்படி இறைச்சியாகும்? மீட் என்றால் முன்பு எல்லாச் சாப்பாடும். அதனால்தான் பால்கோவாவும் லட்டும் விற்கிற கடை போர்டில் 'ஸ்வீட்மீட் ஸ்டால்' என்று கூசாமல் எழுதிவைக்க முடிகிறது. சுத்த சைவம்தான், சந்தேகமே வேண்டாம்.

'டியர்' என்ற மானும் இப்படிச் சுருங்கியதே. பழைய காலத்தில் எந்த மிருகமும் டியர்தான். ஷேக்ஸ்பியரின் லியர் அரசனில் பைத்தியக்கார வேஷம் போட்ட எட்கர், சுண்டெலி, எலி மாதிரிச் 'சின்ன டியர்'களைத் தின்று பிழைத்ததாகப் புலம்புவான். எலி அளவில் ஏது மான் என்று யோசித்து மண்டை காய வேண்டாம்.

'குயிக்' என்றால் வேகம். அதற்கு முன் 'உயிருள்ள' என்று பொருள். கிறிஸ்தவ விசுவாசப் பிரமாணத்தின் பழைய ஆங்கில வடிவத்தில் 'குயிக்'கையும் இறந்தோரையும் நியாயந்தீர்க்க வருவார் என்று இருக்கும். வேகமாக ஓடித் தப்பித்தவர்களை அல்ல, உயிரோடு இருப்பவர்களை. பாதரசத்துக்கு 'குயிக்சில்வர்' என்று பெயர் வந்ததும் அது உயிருள்ளது போல் உருண்டு ஓடுவதால்தான். நகத்தை ஒட்ட வெட்டிவிட்டால் சுரீரென்று வலிக்கிற சதை இருக்கிறதே, அதற்கும் 'குயிக்' என்றே பெயர். உயிர் இருக்கிற இடம்.

கடவுளை ஏன் 'நீ' என்கிறோம்?

'தவ்' என்ற சொல்லைப் பழைய ஆங்கிலத்தின் மாலையும் கிரீடமுமாக நினைக்கிறோம். நாடகத்தில் ராஜா பேச வேண்டுமா, சாமியைக் கூப்பிட வேண்டுமா, எடு ஒரு 'தவ்'. ரொம்ப மரியாதையான சொல் என்று ஓர் எண்ணம். உண்மை நேர் எதிர். தவ் என்பது வெறும் 'நீ'. 'யூ'தான் மரியாதை.

தமிழ் வாசகருக்கு இதை விளக்கவே வேண்டாம். 'நீங்கள்' என்பது பன்மை. பலரைக் கூப்பிடுகிற சொல்லை ஒருவருக்குப் போட்டால் மரியாதை. அதற்கு முன் 'நீர்' அதே பாதையில் வந்தது. ஆங்கிலத்திலும் 'யூ' பன்மைதான். பெரிய மனிதர்களுக்குப் பன்மை போடத் தொடங்கி, பிறகு நடுத்தர மனிதர்களுக்கும் போட்டு, எதற்கு வம்பு என்று எல்லோருக்கும் போட்டுவிட்டார்கள். 'நீ' அநாதையாகிவிட்டது.

அந்த 'நீ' எப்படிச் சுடும் என்பதற்கு 1603-ல் வின்செஸ்டரில் நடந்த ராஜத்துரோக வழக்கே சாட்சி. குற்றவாளிக் கூண்டில் சர் வால்டர் ராலே. அரசுத் தரப்பில் எட்வர்ட் கோக். நேற்றுவரை அரண்மனையில் கோலோச்சிய மனிதரைப் பார்த்துக் கோக் வேண்டுமென்றே 'தவ்' போட்டார். அது போதாதென்று, 'உன்னை நான் தவ் போட்டுத்தான் பேசுகிறேன்' என்ற பொருள்பட அதையே வினைச்சொல்லாக்கியும் வீசினார். 'யாரை நீ, வான்னு கூப்பிடறே?' என்று நம் தெருவில் சட்டைக் காலரைப் பிடிப்பார்களே, அந்தச் சூடு. ஷேக்ஸ்பியரின் பன்னிரண்டாம் இரவிலும் ஒருவன் சண்டைக்கு அழைத்துக் கடிதம் எழுதும்போது, சர் டோபி கொடுக்கிற யோசனைகளில் ஒன்று, மூன்று முறை 'தவ்' போடு என்பது.

இதே சொல்லை 17-ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் ஃபாக்ஸும் குவேக்கர்களும் கொள்கையாகவே எடுத்துக்கொண்டார்கள். கடவுள் முன் எல்லோரும் சமம், ஆகவே நீதிபதியானாலும் பிரபுவானாலும் 'நீ'தான் என்றார்கள். அதற்காக வசவும் அடியும் வாங்கினார்கள். பன்மை கொடுக்க மறுப்பது எவ்வளவு பெரிய அரசியல் என்பது, தோட்டத்து வேலைக்காரருக்கு ஒரு வினைமுற்றும் ஆபீசருக்கு வேறொரு வினைமுற்றும் வைத்திருக்கிற நமக்குப் புரியாதா என்ன?

பிறகு ஏன் பைபிளில் கடவுளுக்குத் தவ்? எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் ஒருமைக்கும் பன்மைக்கும் தனிச் சொல் இருந்தது. மொழிபெயர்த்தவர்கள் ஒருமை என்றால் தவ் என்று ஆள் தரம் பார்க்காமல் போட்டார்கள். கடவுளுக்கும் அதுவே, சாத்தானுக்கும் அதுவே. தெருவில் அந்தச் சொல் செத்துப்போய்க் கோயிலில் மட்டும் கேட்கத் தொடங்கியதும், மக்கள் அதற்குச் சாம்பிராணி வாசனையை ஏற்றிவிட்டார்கள். நாமும் 'முருகா, நீயே கதி' என்றுதானே கும்பிடுகிறோம்? அது மரியாதைக் குறைவா, நெருக்கமா? தவ்வைப் படிக்கும்போது காதில் விழ வேண்டியது அந்த நெருக்கம்.

பையன் ராஜவீரன் ஆனான், இன்னொரு பையன் அயோக்கியன் ஆனான்

பள்ளித் தமிழ் இலக்கணத்தில் 'இழிபொருட்பேறு' என்று படித்திருப்போம். நாற்றம் என்றால் முன்பு வாசனை, இப்போது துர்நாற்றம் என்று ஒரே உதாரணத்தை வைத்துப் பரீட்சை எழுதியிருப்போம். ஆங்கிலத்தில் இது கொஞ்சம் வன்மத்தோடு நடந்திருக்கிறது.

பழைய ஆங்கிலத்தில் 'நைட்' என்பதன் முன்னோடிச் சொல்லுக்குப் பையன், வேலைக்காரன் என்று பொருள். 'நேவ்' என்பதன் முன்னோடிக்கும் பையன் என்றே பொருள். முதல் பையன் அரசனுக்குக் குதிரை ஏறிச் சேவகம் செய்து, கவசம் போட்ட வீரனாகி, பட்டமும் வாங்கிக்கொண்டான். இரண்டாவது பையன் சமையற்கட்டிலேயே கிடந்து, வேலைக்காரனாகி, கடைசியில் அயோக்கியன் என்ற பெயரோடு போய்ச் சேர்ந்தான். யாரிடம் வேலை பார்த்தான் என்பதைத் தவிர இருவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

'வில்லன்' என்று நம்பியாரையும் பிரகாஷ்ராஜையும் சொல்கிறோம். அந்தச் சொல் பிரெஞ்சு வழியாக வந்தபோது பண்ணையில் உழைக்கிற குடியானவன் என்றுதான் பொருள். 'பூர்', நாகரிகம் தெரியாதவன், அவனும் முதலில் விவசாயி. 'சர்ல்', முரடன், அவன் சாதாரணக் குடிமகன். ஆக, வயலில் நின்றவன் எல்லாம் அகராதியில் கெட்டவன் ஆகிவிட்டான். எழுதிவைத்தது யார் என்று யோசித்தால் காரணம் தெரிந்துவிடும். நாம் மட்டும் என்ன? 'பட்டிக்காட்டான்' என்று ஊரின் பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம்.

அப்பாவிகளுக்கும் இதே கதிதான். 'சில்லி' என்றால் முதலில் 'அருள் பெற்ற', 'மகிழ்ச்சியான'. பிறகு கள்ளமற்ற, பிறகு பரிதாபமான, பிறகு பலவீனமான, கடைசியில் அசடு. சூதுவாது தெரியாதவனை முட்டாள் என்று முடிவுகட்ட எந்த ஊரிலும் அதிக நாள் ஆகாது. 'நைஸ்' இதற்கு எதிர்ப்பக்கம் ஏறியது. 'ஒன்றும் அறியாத' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்து, ஆங்கிலத்தில் முட்டாள் என்று ஆரம்பித்து, எதிலும் நொட்டை சொல்கிறவர், நுட்பமான, துல்லியமான என்று படிப்படியாக வந்து, இப்போது யாரைப் பற்றியும் ஒன்றும் சொல்லத் தோன்றாதபோது சொல்கிற சொல்லாக இருக்கிறது.

வண்டிக்குள் என்ன நடந்தது?

என் அக்கா மகள் பி.ஏ. ஆங்கிலம் படிக்கிறாள். ஜேன் ஆஸ்டனின் 'எம்மா' பாடத்தில் இருந்தபோது ஒருநாள் ராத்திரி போன்.

"சித்தி, இது 1815-ல வந்த புக்குதானே?"

"ஆமாம்டி, ஏன்?"

"கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ராத்திரி. குதிரை வண்டிக்குள்ள ரெண்டே பேரு. அந்த எல்டன் பாதிரியார் வேற. அவரு எம்மாகிட்ட என்ன பண்றாருன்னு போட்டிருக்கு தெரியுமா? அதுவும் 'வயலன்ட்'டாவாம். எங்க மேடம் ஒண்ணுமே சொல்லாம அடுத்த பேராவுக்குப் போயிட்டாங்க."

'மேக் லவ்' என்றால் அன்றைக்குக் காதலைச் சொல்லிக் கெஞ்சுவது. வயலன்ட் என்றால் ஆவேசமாக. வெஸ்டன் வீட்டு விருந்தில் ஒயின் கொஞ்சம் கூடுதலாக உள்ளே போன தைரியத்தில், அந்த மனிதர் எம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உருகுகிறார், அவ்வளவுதான். 20-ஆம் நூற்றாண்டில்தான் அந்தத் தொடர் படுக்கையறைக்குள் போனது. இதைச் சொன்னதும் அவள் கொஞ்சம் ஏமாற்றத்தோடு, "அவ்வளவுதானா?" என்றாள்.

இது சிரித்துவிட்டுப் போகிற இடம். ஆஸ்டனில் இதைவிட மௌனமாக ஏமாற்றுகிற சொற்கள் இருக்கின்றன. 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் பாதிரியார் காலின்ஸ், தன் புரவலரான லேடி கேதரீனின் 'கண்டிசென்ஷன்' பற்றி வாய் ஓயாமல் பேசுவார். இன்று அந்தச் சொல்லுக்கு மேட்டிமைத்தனம், நம்மைத் தாழ்வாக நடத்துவது என்று பொருள். அப்படிப் படித்தால் காலின்ஸ் அம்மையாரைக் குறை சொல்வதாக ஆகிவிடும். அந்தக் காலத்தில் அது பாராட்டு. மேலே இருக்கிறவர் தன் உயரத்திலிருந்து இறங்கிவந்து நம்மோடு பேசுகிற பெருந்தன்மை. ஆஸ்டன் கிண்டல் செய்வது அதற்காகக் காலின்ஸ் நெளிகிற நெளிசலை. பிரபுக்களுக்குப் பிரபுத்துவம் சொந்தம் என்று நம்பிய சமூகத்தில்தான் இறங்கிவருவது குணமாக இருக்க முடியும். எல்லோரும் சமம் என்று ஆனபின், நீ யார் இறங்கிவர என்ற கேள்வி வந்துவிட்டது.

அதே நாவலில் மூத்தவள் ஜேனின் 'கேண்டர்' பற்றி எலிசபெத் பேசுவாள். இன்றைக்கு அது ஒளிவுமறைவில்லாத பேச்சு. ஜேன் அப்படிப்பட்டவளே அல்ல. மனசில் இருப்பதை வெளியே காட்டாததுதான் அவள் கதையின் சிக்கலே. அன்றைய கேண்டர், யாரைப் பற்றியும் நல்லதாகவே நினைக்கிற வெள்ளை மனசு. இன்றைய பொருளில் படிக்கிறவருக்கு ஜேன் என்ற பாத்திரமே கைநழுவிப் போகும். அவர் படித்துக்கொண்டிருப்பது வேறு ஒரு பெண்ணை.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது?

நார்னியா கதைகள் எழுதிய சி. எஸ். லூயிஸ் தொழிலால் பழைய இலக்கியப் பேராசிரியர். 1960-ல் வந்த அவருடைய 'ஸ்டடீஸ் இன் வேர்ட்ஸ்' நூலில் இதற்கு ஒரு பெயர் வைத்தார்: ஆபத்தான பொருள். ஒரு சொல்லின் இன்றைய பொருள் நம் மனசில் எப்போதும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும். பழைய வாக்கியத்தில் அது சுமாராகப் பொருந்தினாலே போதும், நாம் நகர்ந்துவிடுவோம். சுத்தமாகப் பொருந்தாவிட்டால் நின்று யோசிப்போம். அரைகுறையாகப் பொருந்துவதுதான் ஆபத்து.

நான் கடைப்பிடிப்பது இதுதான். பழைய புத்தகத்தில் ஒரு வாக்கியம் லேசாகக் கோணினாலும், 'அந்தக் காலத்து நடை அப்படித்தான்' என்று தாண்டிப் போவதில்லை. அதிலுள்ள மிகச் சாதாரணமான சொல்லைச் சந்தேகப்படுவேன். பிறகு அந்தக் காலத்து அகராதியைப் பார்ப்பேன். ஆஸ்டனுக்கு இன்றைய அகராதியைவிட 1755-ல் வந்த சாமுவேல் ஜான்சன் அகராதி நல்ல துணை. இணையத்தில் இலவசமாகவே புரட்டலாம். ஷேக்ஸ்பியருக்கு டேவிட் கிரிஸ்டலும் மகன் பென்னும் சேர்ந்து தொகுத்த சொல்லகராதி. எல்லாவற்றுக்கும் மேலே ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி. 1857-ல் யோசனை எழுந்து, 1884-ல் முதல் பகுதி வந்து, 1928-ல்தான் முடிந்தது. ஊர் ஊராகத் தன்னார்வலர்கள் புத்தகங்களைப் படித்துச் சீட்டில் எழுதியனுப்பிய மேற்கோள்களால் கட்டியது. ஒரு சொல்லின் பொருள்களை எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்று ஆண்டுவாரியாக அடுக்கியிருக்கும். செத்த பொருளுக்குப் பக்கத்தில் சின்னக் குத்துவாள் அடையாளம் இருக்கும்.

இதில் இன்னொரு பள்ளமும் இருக்கிறது. பழைய பொருள் தெரிந்ததும், அதுதான் 'உண்மையான' பொருள், இன்று சொல்கிறவர்கள் எல்லாம் தப்பு என்று கிளம்பிவிடுகிறவர்கள். ஆஸ்டனின் 'நார்த்தாங்கர் அபே'யில் ஹென்றி டில்னி அப்படி ஒருவன். கேதரீன் வெள்ளந்தியாக ஒரு புத்தகத்தை நைஸ் என்று சொல்ல, அந்தச் சொல்லைக் கண்டதற்கும் போடக்கூடாது என்று நக்கலடிப்பான். இருநூறு வருஷம் ஆகிறது. டில்னி தோற்றான், கேதரீன் ஜெயித்தாள். ஜான்சனும் 1747-ல் அகராதித் திட்டம் போட்டபோது மொழியை ஓர் இடத்தில் நிலைநிறுத்தலாம் என்றுதான் நினைத்தார். வேலை முடிந்து முன்னுரை எழுதும்போது, அது நடக்கிற காரியமல்ல என்று அவரே ஒப்புக்கொண்டார். ஒரு சொல்லுக்கு, அதைச் சொன்னவர் சொன்ன வருஷத்தில் என்ன பொருளோ அதுதான் பொருள். 1611-க்கு ஒன்று, 1813-க்கு ஒன்று, நம் வாட்ஸ்அப்புக்கு ஒன்று.

பயிற்சிக்கு ஒன்று தருகிறேன். 1813-ல் வந்த 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலின் முதல் வாக்கியம் எல்லோருக்கும் தெரியும். சொத்துள்ள கல்யாணமாகாத ஆணுக்கு ஒரு மனைவி 'வான்ட்' என்பது உலகறிந்த உண்மையாம். வான்ட் என்றதும் 'ஆசைப்படுகிறான்' என்று படித்துவிடுகிறோம். அவன் ஆசையைப் பற்றி அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. வான்ட் என்றால் அன்று குறை, இல்லாமை. அவன் வீட்டில் ஒரு குறை இருக்கிறது, ஒரு மனைவி குறைகிறது என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். யார் சொல்வது? பெண்ணைப் பெற்று வைத்திருக்கிற அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள். மாப்பிள்ளைப் பையனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த அர்த்தத்தோடு அந்த முதல் பக்கத்தை மறுபடி படித்துப் பாருங்கள். மிசஸ் பென்னட் இன்னும் வாயைத் திறக்கவே இல்லை, அதற்குள் அவர் குரல் கேட்கும்.